ஆசா ராஜா சறுக்கினது எங்க? – வாசகர் கேள்வி பதில்

போன மாச வேதபாடப் பக்கத்துல யூதாவை ஆண்ட ஆசா ராஜாவப் பத்தி, 2 நாளாகமம் 14, 15, 16 மூணு அதிகாரத்தையும் வெச்சு எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல வடசென்னையில இருந்து தான், காசிமேடு, பெரம்பூர், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்னு. அதனால இந்த மாசம் வேற கேள்வி எதையும் எடுக்கல. போன இதழ் கைக்கு வராதவங்களுக்காக சுருக்கமா: ஆசா, ரெகொபெயாமோட பேரன், அபியாவோட மகன், எருசலேம்ல 41 வருஷம் ஆண்டான், விக்கிரகத்தையெல்லாம் அகற்றினான், தோப்பு விக்கிரகத்த உண்டாக்கின, அவன் தாய்னு வேதம் சொல்ற மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்துல இருந்து இறக்கினான். நல்லா ஆரம்பிச்சு கடைசியில சறுக்கினவன்.

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. என் வீட்டுக்காரர் காசிமேட்டுல ஐஸ் லோடு ஏத்துற வேலை பாக்குறாரு, ரொம்ப வருஷமா சுகர். ரெண்டு மாசம் முன்னாடி கால் கட்டை விரலுக்கு அடியில கொப்புளம் மாதிரி வந்துச்சு, இப்போ ஓட்டை மாதிரி ஆயிடுச்சு, தண்ணி வடியுது, ஆனா வலியே இல்லன்றாரு. நாங்க போற ஜெபக்கூட்டத்துல ஒரு பிரதர் ஆசா ராஜா வசனத்தக் காமிச்சு, பாருங்க அவனுக்கும் கால்ல தான் வியாதி, டாக்டரத் தேடினான், செத்துட்டான்னு சொன்னாரு. அன்னியிலிருந்து மாத்திரை, ஊசி எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. நான் கேட்டா உனக்கு விசுவாசம் பத்தலன்றாரு. பைபிள்ல அப்படித்தான ஐயா இருக்குது, நான் என்னன்னு சொல்றது? – ஒரு சகோதரி, காசிமேடு

பதில்: அம்மா, வசனத்துக்கு அப்புறம் வரேன். இந்தப் பக்கத்தப் படிச்சதும் முதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. வலி இல்லன்றாரே, அது தான் பயப்பட வேண்டிய விஷயம். சுகர் ரொம்ப நாள் இருந்தா கால்ல நரம்பு மரத்துப் போயிடும், ஆணி குத்தினாலும் தெரியாது, ஐஸ்லயும் உப்புத் தண்ணியிலயும் நாள் பூரா நிக்கிறவருக்கு கேக்கவே வேணாம், புண்ணு உள்ள எலும்பு வரைக்கும் போயிட்டிருக்கும் மேல பாத்தா சின்னதா தான் இருக்கும். மாத்திரையும் ஊசியும் நிறுத்தினதுல சுகர் ஏறியிருக்கும், சுகர் ஏறினா புண்ணு ஆறாது, ஆறாம விட்டா விரல எடுக்கணும் கால எடுக்கணும்னு போய் நிக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம், காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுடுங்க. ஜுரமோ, காலு செவந்து வீங்கறதோ, புண்ணுல இருந்து நாத்தமோ இருந்துச்சுன்னா காலையில வரைக்கும் கூட காத்திருக்காதீங்க, ராத்திரியே எமர்ஜென்சிக்கு போயிடுங்க. நிறுத்தின ஊசி மாத்திரைய வீட்டுலயே பழைய அளவுல திரும்ப ஆரம்பிக்கிறதும் வேணாம், எத்தனை நாளா நிறுத்தியிருக்காருன்னு டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க, அவங்க பாத்து எழுதிக் குடுப்பாங்க.

இப்போ வசனம். 2 நாளாகமம் 16:12, ஆசா தான் ராஜாவான 39-ம் வருஷத்துல கால்ல வியாதி கண்டான், அது மகா உக்கிரமா இருந்துச்சு, "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்"னு இருக்குது. பரிகாரின்னா வைத்தியர். அந்த பிரதர் இந்த வசனத்த மட்டும் காமிச்சாரு, இதுக்கு ரெண்டு வசனம் மேல என்ன இருக்குன்னு காமிக்கல. 10-ம் வசனத்துல ஆசா ஒரு தீர்க்கதரிசியப் புடிச்சு காவலறையில போட்டான். அனானின்ற ஞானதிருஷ்டிக்காரர் வந்து, இஸ்ரவேல் ராஜா பாஷா எதிர்த்து வந்தப்போ நீ கர்த்தர நம்பாம சீரியா ராஜாவ நம்பிட்ட, புத்தியில்லாம நடந்துகிட்டன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, அந்தக் கோவத்துல உள்ள தள்ளிட்டான், ஜனங்கள்லயும் சில பேர கொடுமைப்படுத்தினான். கர்த்தர் கிட்ட பேச அவனுக்கு இருந்த வாய அவனே அடைச்சிட்டான். அப்புறம் கால்ல வியாதி வரும்போது எப்படிப் போய் ஜெபம் பண்ணுவான்? ஜெபம் பண்ணணும்னா முதல்ல அனானிய வெளிய விடணும், தப்பு என் மேல தான்னு சொல்லணும். அது முடியல. அதனால பரிகாரிங்க மட்டும் தான் மிச்சம். அந்த வசனத்துல தப்பு டாக்டர் கிட்ட போனது இல்லம்மா, கர்த்தர் கிட்ட போகாம விட்டது.

டாக்டர் கிட்ட போறதே பாவம்னா பைபிள்ல வேற எடத்துல எல்லாம் என்ன பண்றது? எசேக்கியா ராஜா சாகக் கிடந்தாரு, அழுது ஜெபம் பண்ணாரு, கர்த்தர் 15 வருஷம் ஆயுசக் கூட்டிக் குடுத்தாரு. அப்படி வாக்கு குடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி என்ன பண்ணாரு தெரியுமா, அத்திப்பழத்து அடையக் கொண்டு வரச் சொல்லி பிளவை மேல பத்துப் போட வெச்சாரு, 2 இராஜாக்கள் 20:7. ஜெபமும் பத்தும் ஒரே கட்டில்ல. சுவிசேஷம் எழுதின லூக்காவையே பவுல் "பிரியமான வைத்தியன்"னு தான் கூப்பிடுறாரு. தீமோத்தேயுக்கு வயித்து உபாதை வந்தப்போ விசுவாசம் பத்தலன்னு பவுல் திட்டல, தண்ணி மட்டும் குடிக்காம கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னு எழுதினாரு. பிணியாளிக்கு வைத்தியன் வேணும்னு இயேசு கிறிஸ்துவே சொல்லியிருக்காரு. அவ்ளோ ஏன், நம்ம ராயபுரம் பக்கம் இருக்கிற ரெய்னி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சது யாரு, ஸ்காட்லாந்துல இருந்து சுவிசேஷம் சொல்ல வந்த மிஷனரிங்க தான், சுவிசேஷத்தோட சேத்து தான் மருந்தையும் குடுத்தாங்க.

வீட்டுக்காரர் கிட்ட வாதம் பண்ணி ஜெயிக்கப் பாக்காதீங்க, கோவம் தான் வரும். சாயந்திரம் கூட உக்காந்து ஏசாயா பத்துப் போட்ட அந்த வசனத்த அவரையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அப்புறம் அவரு கால் மேல கைய வெச்சு ஜெபம் பண்ணிட்டு, ரெண்டு பேருமா கெளம்புங்க. அந்த பிரதருக்கும் ஒண்ணு, இத அவரு படிப்பாருன்னு நெனைக்கிறேன்: அடுத்தவங்க மாத்திரைய நிறுத்தச் சொல்ல உங்களுக்கு யாரும் அதிகாரம் குடுக்கல பிரதர், அந்தக் காலு போச்சுன்னா லோடு ஏத்தி சோறு போடப் போறது நீங்க இல்ல.

கேள்வி: 1 இராஜாக்கள் 15:33-ல பாஷா ஆசாவோட 3-ம் வருஷத்துல இஸ்ரவேலுக்கு ராஜாவாகி 24 வருஷம் ஆண்டான்னு இருக்கு. 16:8-ல ஆசாவோட 26-ம் வருஷத்துலயே பாஷா மகன் ஏலா ராஜாவாயிட்டான். ஆனா 2 நாளாகமம் 16:1-ல ஆசாவோட 36-ம் வருஷத்துல பாஷா ராமான்ற பட்டணத்தைக் கட்ட வந்தான்னு இருக்கே, செத்தவன் எப்படி வருவான்? – காலேஜ் மாணவர், பெரம்பூர்

பதில்: நல்லா வாசிச்சிருக்கீங்க தம்பி. வேத பண்டிதருங்க ரொம்ப காலமா பேசிக்கிட்டிருக்கிற எடம் இது. ஒரு சாரார் சொல்றது, 36-ன்றது ஆசாவோட கணக்கு இல்ல, சாலொமோனுக்கு அப்புறம் ராஜ்யம் ரெண்டா உடைஞ்சதுல இருந்து எண்ணின கணக்கு: ரெகொபெயாம் 17 வருஷம், அபியா 3 வருஷம், மொத்தம் 20, அதக் கழிச்சா ஆசாவோட 16-ம் வருஷம், அப்போ பாஷா உயிரோட தான் இருக்கான். இன்னொரு சாரார், கையால படி எடுக்கும்போது எண்ணு மாறிப்போயிருக்கும்ன்றாங்க. எனக்கு ரெண்டுமே நம்பிக்கைக்கு எடைஞ்சலா தெரியல. ஆனா முதல் கணக்கு சரின்னா மனசுக்கு ஒரு கஷ்டமான விஷயம் வருது. 15-ம் வருஷத்துல தான் கொள்ளைப் பொருள்ல இருந்து 700 மாடு 7000 ஆடு பலி குடுத்து, கர்த்தரத் தேடுவோம்னு ஜனங்க எல்லாம் சத்தியம் பண்ணாங்க. அதுக்கு அடுத்த வருஷமே ஆசா தேவாலயத்துப் பொன்ன எடுத்து, பாஷாவுக்கு எதிரா உதவி கேட்டு சீரியாவுக்கு அனுப்பியிருக்கான். ஒரே வருஷம் தம்பி. அனானிய உள்ள போட்டதும் அந்தச் சமயத்துல தான், கால் வியாதி வந்தது 39-ல, நடுவுல 20 வருஷத்துக்கு மேல மனசு மாற நேரம் இருந்திருக்கு.

கேள்வி: ஐயா, நான் ரிட்டயர்டு ஆள், சபையில மூப்பரா இருக்கேன். மகனுக்கு வேலைக்காக ஒரு புரோக்கர் மூலமா பணம் குடுத்தேன், மனைவியோட நகையையும், சபை கட்டடத்துக்குன்னு நான் நேர்ந்து எடுத்து வெச்சிருந்த தொகையையும் சேத்து தான் குடுத்தேன். வேலை கெடைச்சிடுச்சு, மகன் நல்லா இருக்கான். காரியம் வாய்ச்சதே, அப்ப தேவ சித்தம்னு தான அர்த்தம்? ஆனா ஆசா பாடத்த படிச்சதுல இருந்து தூக்கம் வரல. – திருவொற்றியூர்

பதில்: ஐயா, நீங்க வயசுல பெரியவரு, மனச தொறந்து எழுதியிருக்கீங்க, நானும் மறைக்காம எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஆசா பண்ணதும் வாய்ச்சது. அது தான் அந்தக் கதையில எல்லாரும் தாண்டிப் போயிடுற எடம். பாஷா வந்து ராமாவைக் கட்ட ஆரம்பிச்சான், எருசலேமுக்கு வடக்க 8 கிலோமீட்டர் தான், இங்க ராயபுரத்துல இருந்து எண்ணூர் போற தூரம் கூட இல்ல, அங்க உக்காந்துகிட்டா யூதாவுக்கு வரப்போக ஒருத்தரும் இருக்க முடியாது. ஆசா என்ன பண்ணான், தேவாலயத்துலயும் அரமனையிலயும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து தமஸ்குல இருக்கிற சீரியா ராஜா பெனாதாத்துக்கு அனுப்பி, நீ பாஷா கூட போட்ட உடன்படிக்கைய முறிச்சுடுன்னான். பெனாதாத் பணத்த வாங்கிக்கிட்டு ஈயோன், தாண், ஆபேல்மாயீம்னு வடக்க அடிச்சான், பாஷா போட்டது போட்டபடி ஓடிட்டான், அவன் விட்டுட்டுப் போன கல்லையும் மரத்தையும் ஆசா தூக்கிட்டு வந்து கேபாவையும் மிஸ்பாவையும் கட்டிக்கிட்டான். ஒரு ஆள் சாகல யூதாவுல. எருசலேம் தெருவுல அன்னிக்கு ஓட்டு எடுத்திருந்தா எல்லாரும் ராஜா மூளைக்காரன்னு தான் சொல்லியிருப்பாங்க. அந்த சமயத்துல தான் அனானி வந்து நிக்கிறாரு, தோத்தப்போ வரல, ஜெயிச்ச பிறகு வராரு. வந்து, சீரியாவோட சேனையும் உன் கையில விழ வேண்டியது, அது தப்பிப் போச்சு, இனிமே உனக்கு யுத்தம் தான்னு சொல்றாரு. அதனால காரியம் வாய்ச்சதால அது தேவ சித்தம்னு சொல்ல முடியாதுங்கய்யா.

இதே ஆசா முன்னாடி எப்படி இருந்தான்னு பாருங்க. எத்தியோப்பியன் சேரா பத்துலட்சம் பேரும் 300 ரதமுமா மரேசா வரைக்கும் வந்துட்டான். ஆசா கிட்ட யூதாவுல 3 லட்சம், பென்யமீன்ல 2 லட்சத்து 80 ஆயிரம். பாதி சொச்சம் தான். அப்போ அவன் பண்ண ஜெபத்த நான் அடிக்கடி வாசிப்பேன், "கர்த்தாவே, பலமுள்ளவனுக்காகிலும் பலனற்றவனுக்காகிலும் உதவிசெய்கிறது உமக்கு லேசான காரியம்". எவ்ளோ சின்ன ஜெபம், எவ்ளோ பெரிய நம்பிக்கை! அன்னிக்கு அவனுக்கு வேற போக்கு இல்ல. பாஷா வந்தப்போ போக்கு இருந்துச்சு, கஜானா நிறைய இருந்துச்சு. வேற வழி இல்லாதப்போ கர்த்தர நம்புறது நம்ம எல்லாராலயும் முடியும், எமர்ஜென்சி வார்டு வாசல்ல நிக்கிறப்போ ஜெபிக்காத ஆளு கிடையாது. பெட்டியில பணமும், போன்ல தெரிஞ்சவன் நம்பரும் இருக்கிறப்போ முழங்கால் போடறமான்றது தான் கேள்வி. பாஷா விஷயத்துல ஆசா ஜெபம் பண்ணான்னு ஒரு வரி கூட இல்லய்யா.

இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பொன்னு, வெள்ளி எங்க இருந்து வந்துச்சு? அவங்க அப்பாவும் அவனும் நேர்ந்துகிட்டத அவனே தான் தேவாலயத்துக்குள்ள கொண்டு வந்து வெச்சான், 15-ம் அதிகாரம் 18-ம் வசனம். வெச்ச கையே எடுத்துச்சு. நீங்க கட்டடத்துக்குன்னு எடுத்து வெச்சதும் அப்படித்தான், உங்களுக்கே உள்ள குத்துது, அதனால தான் தூக்கம் வரல. குத்துதுன்னா கர்த்தர் இன்னும் பேசுறாரு, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க.

என்ன பண்றதுன்னா, நேர்ந்த தொகைய கொஞ்சம் கொஞ்சமாவாவது திருப்பி வெச்சிடுங்க, பென்ஷன்ல எவ்ளோ முடியுமோ அவ்ளோ. நகைய பத்தி வீட்டம்மா கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேளுங்க, அவங்க சம்மதிச்சு குடுத்திருந்தாலும் கேளுங்க. வேலை விஷயம் கஷ்டம் தான், அந்த எடத்துக்கு தகுதியோட வரிசையில நின்ன ஒரு வீட்டுப் புள்ளை வெளிய நிக்குது, அத லேசா சொல்லிட முடியாது. மகன் கிட்ட உக்காந்து, அப்பா தப்பான வழியில வாங்கிக் குடுத்துட்டேன்டான்னு சொல்லிடுங்க, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மூத்த ஊழியக்காரர் கிட்டயும் வக்கீல் கிட்டயும் சொல்லி, அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு நீங்களும் மகனுமா சேந்து ஜெபம் பண்ணி முடிவெடுங்க. குறைஞ்சது ஒண்ணு மட்டும் உடனே நிறுத்தலாம், சபையில அத சாட்சியா சொல்றத. கர்த்தர் வாசலத் திறந்தாருன்னு நீங்க மைக்குல சொன்னா, பணம் இல்லாத வீட்டுப் பெத்தவங்க பின்வரிசையில உக்காந்து என்ன நெனைப்பாங்க?

கேள்வி: அண்ணே, நான் எங்க சபை கமிட்டியில இருந்தேன். கட்டட நிதிக்கு ஒரு வருஷமா வசூல் பண்றாங்க, ரசீது புக்கு ஒண்ணு, வரவு நோட்டு ஒண்ணு, ரெண்டும் ஒத்துப்போகல, அத மீட்டிங்ல கேட்டேன். அடுத்த வாரமே கமிட்டியில பேரு இல்ல, கிட்டார் வாசிக்கவும் வேணாம்னுட்டாங்க. பாஸ்டர் பிரசங்கத்துல "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே"ன்னு என்னப் பாத்தே பேசினாரு. நான் பாவம் பண்ணிட்டேனா? – கொருக்குப்பேட்டை

பதில்: கணக்கு கேட்டது பாவம் இல்ல தம்பி. அந்த வசனத்த முழுசா எடுத்துப் பாருங்க, சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்". ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நாடு நாடா அலைஞ்சப்போ அவங்களுக்கு கெடுதல் பண்ண வந்த ராஜாக்களப் பாத்து கர்த்தர் சொன்னது இது. ராஜாவக் கேள்வி கேக்காதேன்னு இல்ல, ராஜாவே கையத் தூக்காதேன்னு! ஆசா மீறினது இந்த வசனத்தோட பின்பாதியத் தான். முன்பாதிய மட்டும் சொல்லி பயமுறுத்துறவங்க கிட்ட பின்பாதியையும் வாசிக்கச் சொல்லலாம்.

தாவீது ஆசாவ விட பெரிய பாவம் பண்ணவன், அடுத்தவன் மனைவி பத்சேபாவ எடுத்துக்கிட்டதும் தெரியும், அவ புருஷன் உரியாவ யுத்த முனையில நிறுத்திக் கொன்னதும் தெரியும். நாத்தான் தீர்க்கதரிசி வந்து நீயே அந்த மனுஷன்னாரு. காவலறை தாவீது கையிலயும் தான் இருந்துச்சு. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்"னு ஒரே வரியில முடிச்சிட்டான். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் எனக்கு தெரிஞ்சு இது ஒண்ணு தான், இந்தப் பக்கம் பூரா நான் எழுதிட்டு வரதும் அது தான். பாவம் பண்ணாத ராஜா பைபிள்ல கிடையாது, ஒருத்தர் வந்து சொன்னப்போ என்ன பண்ணான்றதுல தான் எல்லாம் திரும்புது. ஆசாவுக்கு அசரியான்ற தீர்க்கதரிசி வந்து நீ கர்த்தரோட இருந்தா அவரு உன்னோட இருப்பாருன்னு தட்டிக் குடுத்தப்போ நல்லா கேட்டான், திடன் கொண்டான். அனானி கடிஞ்சுகிட்டப்போ மட்டும் காது கேக்கல. பாராட்டுற தீர்க்கதரிசி மட்டும் வேணும்ன்ற மனசு இன்னிக்கும் எவ்ளோ சபையில இருக்குது, பாஸ்டருக்கு மட்டும் இல்ல, கமிட்டிக்கும், வீட்டுல அப்பாவுக்கும் தான்.

பணம் விஷயத்துல பவுல் எவ்ளோ ஜாக்கிரதைன்னு 2 கொரிந்தியர் 8-ல பாருங்க. எருசலேம் ஏழைங்களுக்கு சேத்த பணத்த அவரு தனியா தூக்கிட்டுப் போகல, தீத்து கூட சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் அனுப்பினாரு, கர்த்தருக்கு முன்னாடி மட்டும் இல்ல மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா இருக்கணும்னு எழுதினாரு. அப்போஸ்தலனே ஆள் வெச்சு கணக்கு காமிச்சப்போ கொருக்குப்பேட்டையில காமிக்கிறதுல என்ன குறைச்சல்?

ஆனா தம்பி, உங்களுக்கும் ஒண்ணு. வாட்ஸப் குரூப்புல போட்டு நாறடிக்காதீங்க, பாஸ்டர் திருடிட்டாருன்னு நீங்க பாக்காததையும் சேத்துச் சொல்லாதீங்க. ரெண்டு நோட்டு ஒத்துப்போகல, அவ்ளோ தான் உங்களுக்குத் தெரியும், எழுதினவரு கூட்டல்ல விட்டிருக்கலாம். மூப்பர் மேல பிராது ரெண்டு மூணு சாட்சி இல்லாம எடுக்கக்கூடாதுன்னு 1 தீமோத்தேயு 5:19 இருக்குது, அதனால அந்த நோட்டப் பாத்த இன்னும் ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு, எந்த மாசம் எந்த ரசீதுன்னு ஒரு பேப்பர்ல தெளிவா எழுதி, பாஸ்டரத் தனியாப் பாத்து மரியாதையா குடுங்க, ஆடிட்டர் வெச்சு பாக்கலாம்யான்னு கேளுங்க. அங்க கேக்கலன்னா பொதுக்கூட்டத்துல கேக்க உங்களுக்கு உரிமை இருக்குது.

அனானிக்கு ஒரு மகன் இருந்தான், பேரு யெகூ. அப்பாவ காவலறையில போட்டது ஆசா. ஆசா செத்ததுக்கு அப்புறம் அவன் மகன் யோசபாத் ராஜாவாகி, இஸ்ரவேல் ராஜா ஆகாப் கூட யுத்தத்துக்குப் போய் உயிர் தப்பி எருசலேம் திரும்புறப்போ எதிர்ல வந்து நின்னு கடிஞ்சுகிட்டது இந்த யெகூ தான், 2 நாளாகமம் 19-ல இருக்குது. அப்பாவுக்கு நடந்தது தெரிஞ்சும் அதே வீட்டு ராஜா முன்னாடி போய் நின்னாரு. திட்ட மட்டும் செய்யல, உன் கிட்ட நன்மையும் இருக்குது, தோப்பு விக்கிரகத்த அகற்றினன்னும் சொன்னாரு. யோசபாத் அவர ஒண்ணும் பண்ணல, கெளம்பி ஜனங்க நடுவுல ஊர் ஊரா போனான், பட்டணத்துக்குப் பட்டணம் நியாயாதிபதிங்கள வெச்சு, பரிதானம், அதாவது லஞ்சம், வாங்காம நியாயம் செய்யுங்கன்னு கட்டளை போட்டான். கிட்டார் எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும் தம்பி, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு மட்டும் போகாம இருக்காதீங்க.